பெண்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்

கச்சான் காற்று அடங்கிக் கடல் எண்ணெய்போல் கிடந்த ஒரு காலையில், சிப்பிமுனைக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும், வலையின் மடி வழக்கத்தைவிடக் கனக்கிறதே, சாளைப் பாடா பாரைப் பாடா என்று பேசியபடியே அதைக் கரையேற்றிப் பிரித்தபோது, துடிக்கிற சாளை மீன்களுக்கு நடுவில், வெள்ளைப் போர்வை ஒன்றைத் தோள்வழியே சுற்றிக்கொண்டு, கையில் ஒரு கோலுடன், வயதான யவனர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீருக்குள் இருந்தவர் என்பது தாடியில் பிடித்திருந்த சிப்பிகளைப் பார்த்தாலே தெரிந்தது. கயிற்றின் முன்நுனியில் நின்ற எமரென்சிதான் அவரிடம் முதலில் பேசினாள்.

"எழும்பும் ஐயா, மீன் நசுங்குது."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்தக் கடல் முன்பும் பலதைக் கொண்டுவந்து போட்டிருந்தது: உடைந்த கப்பலின் மணியை, தலையில்லாத சம்மனசுச் சிலை ஒன்றை, பெயர் தெரியாத தேசத்து ராஜாவின் முகம் போட்ட காசுகளை. கடல் கொடுத்ததைத் திருப்பிக் கடலில் போடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆகவே மீனை ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், ஒரு நாற்காலி போட்டார்கள், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள், பெயர் கேட்டார்கள். நிக்கானோர் என்றார். வேதப் புத்தகத்தில் இருக்கிற பெயர்தானே என்று எல்லோருக்கும் திருப்தி ஆயிற்று.

ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை அவருக்கு எதிரே உட்கார்ந்து, "அங்க என்ன வேல பாத்தீரு?" என்று கேட்டார்.

"பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை," என்றார் யவனர். அவருடைய தமிழ் கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் இருந்தது.

"டாக்டரா?"

"இல்லை. பெண்கள் தெருவில் எதை உடுத்தி வருகிறார்கள், ஊர்வலத்தில் எப்படி நடக்கிறார்கள், விருந்தில் எத்தனை பேர் கூடுகிறார்கள், சாவு வீட்டில் எவ்வளவு சத்தமாக அழுகிறார்கள் என்று பார்ப்பது. என் நகரத்தில் அதற்கென்று அதிகாரி உண்டு. மீறியவளின் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதி, எல்லோரும் கடந்துபோகிற மரத்தில் தொங்கவிடுவோம்."

ஏலக்கூடத்தில் இருந்த ஆண்கள், பல வருஷமாக வராத பஸ் ஒன்று திடீரென்று வந்து நின்றதைப் பார்ப்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அதிகாரி இல்லாமல் இத்தனை காலம் எப்படி இருந்தோம் என்று அவர்களுக்கு இருந்தது. அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். கோயிலுக்கு முன்னால் நின்ற பூவரச மரத்தில் ஆணி அடித்தார்கள். வலை வைக்கிற அறையை ஒழித்து அவருக்குக் கட்டில் போட்டார்கள்.

பெண்கள் சிரித்தார்கள். மீன் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எமரென்சியின் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரியுமான வியாகுலமேரி சொன்னாள்: "எங்கள நோக்கிப் பாக்க அப்பன், அண்ணன், மாப்ள, மாமியான்னு வீட்டுக்கு நாலு பேரு இருக்கு. அது பத்தாதுன்னு கடல்லருந்து வேற ஆள் எடுத்திருக்கானுவ."

"பாவம் மனுசன், நனைஞ்சு போய் நிக்காரு," என்றாள் எமரென்சி.

அதைக் கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் எமரென்சியின் மகள் கிளாடிஸ். இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். அவள் சிரிப்பு தொண்டையிலிருந்து வராது. வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ கிளம்பி, படகு இஞ்சின் பிடித்துக்கொள்வதுபோல் இரண்டு தரம் விக்கி, பிறகு ஒரேயடியாகப் புறப்பட்டு மூன்று தெரு தாண்டிப் போகும். அது கேட்டால், கிளாடிஸ் ஷெட்டிலிருந்து வந்துவிட்டாள் என்று எமரென்சி உலையில் அரிசி போடுவாள்.

யவனரின் போர்வை உலரவே இல்லை. வெயிலில் நின்றாலும் அதிலிருந்து கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் நின்ற இடத்தில் சிறு குளம் கட்டி, அது காய்ந்து உப்பாகப் பூத்தது. காலையில் வாசல் பெருக்குகிற பெண்கள், முந்தின நாள் யார் வீட்டு முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை உப்பின் அகலத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அவர் கடுமையானவர் அல்ல. யாரையும் அதட்டியதில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் போய் எத்தனை பெண்கள் சாப்பிட்டார்கள் என்று மெல்லக் கேட்பார். சப்பரத்துக்குப் பின்னால் நடக்கிற பெண்களின் சேலைக் கரை எவ்வளவு அகலம் என்று கண்ணாலேயே அளப்பார். அளந்ததைப் பலகையில் எழுதுவார். அபராதம் என்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெயர் தொங்கியது, அதுவே போதும்.

முதல் பெயர் தொங்கியபோது பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கேலி பேசிக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போனபோது கேலி நின்றது. பிறகு, மழைத்தண்ணீர் கூரையில் ஓட்டை தேடி இறங்குவதுபோல, அந்த வேலை ஊருக்குள் தன் வழியைத் தானே கண்டுபிடித்து இறங்கியது. யவனருக்கு இரண்டே கண்கள்தான் என்று இரக்கப்பட்டு ஆண்கள் தங்கள் கண்களைக் கொடுத்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போகிற நேரத்தில் பார்க்க ஆள் இல்லையே என்று கிழவிகள் தங்கள் கண்களைக் கொடுத்தார்கள். கிழவிகளுக்குப் பார்வை மங்கல் என்று மருமகள்கள் கொடுத்தார்கள். தையல்காரர் ஜாக்கெட்டின் கழுத்தை வெட்டுமுன் ஒரு தரம் மரத்தின் பக்கம் பார்த்தார். கோயிலில் பாட்டுக் குழுவின் பெண்கள் தாங்களாகவே ஒரு கட்டை குறைத்துப் பாடத் தொடங்கினார்கள். யவனர் அறையிலேயே இருந்தார். பெயர்கள் அவரைத் தேடி வந்தன. இத்தனை பெயர்களைத் தன் நகரத்தில் ஒரு ஆயுளில் எழுதியதில்லை என்று அவர் தொம்மையிடம் சொன்னபோது, தொம்மை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சாவு வீட்டுக்கும் சட்டம் வந்தது. கூந்தலை அவிழ்க்கக் கூடாது. மாரடிக்கக் கூடாது. செத்தவரின் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எமரென்சி அப்போது ஒரு சாவு வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, காரணம் தெரியாமல் இரண்டு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷன் கடலில் போனபோது அவள் அப்படி அழவில்லை. உடம்பு கரை சேர்ந்த அன்று, மணலில் விழுந்து, கைப்பிடி மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு,

"வள்ளத்துக்கு வழி சொன்ன வெள்ளியே,
வாசலுக்கு வழி தெரியாமப் போனியே"

என்று அவள் எடுத்த குரலுக்கு, ஒரு பெண் விட்ட இடத்திலிருந்து இன்னொரு பெண் எடுத்து, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து, பொழுது சாய்கிற வரை அழுதார்கள். அந்த அழுகைக்குப் பிறகுதான் அவளால் எழுந்து மூஞ்சியைக் கழுவி, கைக்குழந்தையாக இருந்த கிளாடிஸுக்குப் பால் கொடுக்க முடிந்தது.

பெயர் மிகவும் பெருகியதால் கமிட்டி ஒரு சலுகை செய்தது. இது யவனர் கொண்டுவந்ததல்ல, சிப்பிமுனைக்காரர்களே யோசித்துச் செய்தது. வெளியார் கொடுத்த பெயர் அடுத்த திருவிழாக் கொடியேற்றம் வரை தொங்கும். வீட்டார் தாங்களே கொடுத்த பெயரைச் சாயங்கால மணி அடித்ததும் அழித்துவிடலாம். இதனால், பிள்ளைமேல் பாசம் உள்ள வீடுகளில் புதிதாக ஒரு வழக்கம் உண்டாயிற்று. குற்றம் நடக்குமுன்பே பெயரைக் கொடுத்துவிடுவது. பிள்ளைக்கு அம்மை குத்திக்கொண்டு வருகிற தாயைப்போல, காலையில் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மீன் விற்கப் போனார்கள்.

ஒரு நாள் குழாயடியில் வியாகுலமேரி மெதுவாகச் சொன்னாள்: "மைனி, ஐஸ் கம்பெனிப் பக்கம் கிளாடிஸ் சிரிச்ச சிரிப்பப் பத்திப் பேசிக்கிடுதாவ. எவளாவது குடுத்திரப் போறா."

மறுநாள் விடிந்ததும் எமரென்சி வலை அறைக்குப் போய் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் கிளாடிஸ் சாப்பாட்டுக்கு வந்தவள், உட்காரவில்லை. "எம்பேர யாரும்மா குடுத்தது?"

"நான்தான். வேற எவளாவது குடுத்தா கொடியேத்தம் மட்டும் தொங்கும்லா. இது சாயங்காலம் போயிரும்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலட்டி. இனிமே செஞ்சிருவியோன்னுதான்."

கிளாடிஸ் அம்மாவையே பார்த்தாள். அவள் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி இரண்டு தரம் விக்கியதை எமரென்சி பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். சிரித்திருந்தால் இருவரும் சேர்ந்தே சிரித்திருப்பார்கள். ஆனால் கிளாடிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் மணி அடித்ததும் பெயரை அழித்தார்கள். பொத்திய கையை அவள் அதற்குப் பிறகு எடுத்ததாகத் தெரியவில்லை. அவள் வருகிற நேரத்தை எமரென்சியால் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. அரிசி சில நாள் குழைந்தது, சில நாள் வேகாமல் இருந்தது. பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். எமரென்சிக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

பூவரச மரத்தைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்ட பெண்கள் ஓடைக்கரை வழியாக ஒரு தடம் போட்டிருந்தார்கள். கடலும் ஓடையும் சந்திக்கிற வாயில் குறுக்கே கிடந்த மணல்திட்டுமேல் நடந்தால், மரத்தைப் பார்க்காமலே ஷெட்டுக்குப் போய் வரலாம். கிளாடிஸும் அந்த வழியில் போகத் தொடங்கினாள். ஐப்பசியில் மழை இறங்கி, ஓடைவாய் எந்நேரமும் உடைத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரிந்து மற்றப் பெண்கள் ரோட்டு வழிக்குத் திரும்பிய பிறகும் அவள் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் திட்டு கரைந்தது. அவள் அதன்மேல் இருந்தாள்.

கூப்பிட்டாளா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஓடைக்கு அக்கரையில், கூப்பிடு தூரத்தில், உப்பளத்து வரப்பைச் சரிசெய்துகொண்டு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கச் சிரித்த பெண் ஒரு சத்தமும் போடாமல் போயிருந்தாள்.

மறுநாள் காலையில் உடம்பைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தியதும், எமரென்சி தலைமுடியைக்கூட முடியாமல் எழுந்து வலை அறைக்குப் போனாள். யவனர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கக் கணுக்கால் அளவு கடல்தண்ணீர் நின்றது. அவள் அதற்குள் நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"எம்புள்ளைக்கு நான் அழணும்."

"அழு, அம்மா."

"அப்பிடி இல்ல. சத்தமா அழணும். பேரச் சொல்லிக் கூப்புடணும், மாருல அடிக்கணும், மண்ணள்ளிப் போடணும். இல்லன்னா அது எனக்குள்ளயே கிடந்து அழுகிரும். அதுக்கு நீரு உத்தரவு தரணும்."

யவனரின் தாடியிலிருந்து ஒரு சிப்பி கழன்று தண்ணீரில் விழுந்தது.

"என் நகரத்திலும் தாய்மார்கள் இருந்தார்கள்," என்றார். "என்னை மீறி அழுதார்கள். பெயரை எழுதித் தொங்கவிட்டேன். அந்த மரத்தடியிலேயே வந்து நின்று மறுபடியும் அழுதார்கள். நகங்களால் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக அழுதார்கள். ஆனால் எந்த ஒருத்தியும் முன்கூட்டி வந்து என்னிடம் உத்தரவு கேட்டதில்லை. நீ ஏன் கேட்கிறாய்?"

கேட்காமல் அழலாம் என்பது எமரென்சிக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தந்தேன்," என்றார் அவர். "போ. உன்னால் முடிந்த அளவு சத்தமாக அழு."

அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். கிளாடிஸை முன்னறையில் பெஞ்சின்மேல் கிடத்தி, நல்ல சேலை உடுத்தி, கையில் செபமாலை சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் செத்தபோது அவளோடு மணலில் விழுந்து அழுத அதே பெண்கள்தான்.

"உத்தரவு குடுத்துட்டாரு," என்று எமரென்சி சொன்னாள். யாரும் அசையவில்லை. அவள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, கூந்தலை விரித்துப் போட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, வாயைத் திறந்தாள்.

"ஏட்டி கிளாடிஸு," என்று வந்தது. அடுப்படியில் இருக்கிறவளை முன்னறையிலிருந்து கூப்பிடுகிற அளவுக்குத்தான் வந்தது. அவள் மறுபடியும் மூச்சை இழுத்தாள். இத்தனை காலமாக மகளின் சிரிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து அளந்து பழகிய காது, இப்போது இவள் குரலை வாயிலிருந்து வெளியேறுமுன்பே அளந்தது; இது வாசல் வரை கேட்கும், இது தெருமுனை வரை கேட்கும் என்று சொன்னது; சொல்லச் சொல்லக் குரல் தானாகவே சுருங்கியது. தூக்கிய கைகள் மாரில் வந்து விழுந்தபோது, சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல மெல்ல விழுந்தன.

"மைனி," என்று வியாகுலமேரி கண்ணீர் ஓட அவள் தோளைப் பிடித்தாள். "போதும் மைனி. வெளிய ஆளு நிக்காவ."

"நீயாவது எடுத்துக் குடுட்டி," என்று எமரென்சி கெஞ்சினாள். "ஒரு வரி. ஒரே ஒரு வரி எடுத்துக் குடு, நான் பிடிச்சிக்கிடுதேன்."

வியாகுலமேரியின் உதடுகள் அசைந்தன. அவளுக்கும் வரவில்லை. முந்தானையை இன்னும் ஆழமாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தான் கொடுத்த உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்க யவனர் வந்திருந்தார். "ஏன் யாரும் அழவில்லை?" என்று கேட்டார். "சத்தமாக அழலாம். நான் சொல்லிவிட்டேன்."

வெளியே நின்ற தொம்மை தலையைக் குனிந்துகொண்டு, "நீரு சொல்லிட்டீரு வே. நாங்க இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்லா."

யவனர் உள்ளே வந்து கிளாடிஸின் காலடியில் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தன் மார்பில் ஓங்கி அடித்து, ஒரு குரல் எடுத்தார். அது ஆணின் குரல் அல்ல. எத்தனையோ வருஷங்கள் சாவு வீடுகளின் வாசலில் நின்று, நிறுத்துவதற்காகவே கவனமாகக் கேட்ட அத்தனை தாய்மாரின் குரல்களும் அவருக்குள் ஒன்றுகூட மறக்காமல் இருந்தன. அவர் அடக்கிய அழுகை எல்லாம் போவதற்கு வேறு இடம் இல்லாமல் அவருக்குள்ளேதான் போயிருந்தது. யாருக்கும் தெரியாத அந்தப் பாஷையில், தெரியாத அந்த மெட்டில், நடுவில் கிளாடிஸ் என்ற பேர் மட்டும் தெளிவாக வர, அவர் தலையை மண்ணில் மோதிக்கொண்டு அழுதார். பிணம் கிடந்த பெஞ்சு அதிர்ந்தது. முந்தானைகளுக்குப் பின்னால் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எமரென்சிக்குத் தன் வயிற்றுக்கும் கீழே எங்கோ ஒன்று இரண்டு தரம் விக்கியது தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு வரி அவர் பாடினால் அது புறப்பட்டுவிடும் என்று தெரிந்தது.

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

எமரென்சி எழுந்தாள். மகளின் பெஞ்சைச் சுற்றிப் போய், யவனருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் வாய்மேல் வைத்து அழுத்தினாள்.

"மெல்ல ஐயா," என்றாள். "தெருவுக்குக் கேக்குது."

அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பாட்டு இன்னும் கொஞ்ச நேரம் துடித்தது, தண்ணீரிலிருந்து எடுத்த மீனைப்போல. பிறகு நின்றது.